பதினாறு துளைகளை அடைத்தது நான்தான்

1. கால் உள்ளே போனது

பேராசிரியரின் வலது கால் முழங்கால் வரை தரைக்குள் போய்விட்டது. நல்லவேளை, அடி படவில்லை. செருப்பு மட்டும் கீழே விழுந்தது.

எங்கள் கல்லூரியின் ராஜா காலத்து ஹால் அது. செங்கல் சுவர், இரண்டு ஆள் உயர ஜன்னல்கள், தேக்குப் பலகைத் தரை. இருபது வருடமாக அதைக் கூட்டித் துடைப்பவள் நான்.

மறுநாள் இன்ஜினியர் மேடம், மலையாளி, வந்து பலகைகளைத் தட்டிப் பார்த்தார். "அடியில முழுசும் ஈரம். எல்லாம் எடுத்துட்டு டைல் போட எழுதிரலாம்" என்றார்.

அந்த ஈரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

2. பாம்பு வந்த வருடம்

ஹாலைச் சுற்றி, வெளிச்சுவரின் அடியில், கை நுழைகிற அளவில் பதினாறு துளைகள் உண்டு. ஒரு மழைக்காலத்தில் அதில் ஒன்றின் வழியே சாரைப்பாம்பு நுழைந்து, பரீட்சை நடுவே பலகை இடுக்கில் தலை நீட்டியது. பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் முருகேசன் நாகர்கோவில்காரர். "எக்கா, அந்த ஓட்டை எல்லாத்தையும் அடச்சிருங்க" என்றார்.

சாலைக் கடைத்தெரு அரிசிக்கடையில் பழைய சாக்கு வாங்கி வந்து திணித்தேன். மேலே சிமென்ட் பூசி, காவி தடவி, செங்கல் கோடும் இழுத்தேன். எதைச் செய்தாலும் நறுவிசாகச் செய்வது என் வழக்கம். அதற்குப் பிறகு துடைத்த தரை காய நேரம் பிடித்தது; பலகைக்கு அடியில் காற்றுப் போகத்தான் அந்தத் துளைகள் என்று அப்போதுதான் புரிந்தது. ஃபேனைக் கூட்டி வைத்தேனே தவிர, காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

3. உளி

முருகேசன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "வாயத் தொறக்காண்டாம், கேட்டியளா? கான்ட்ராக்ட் புதுக்குற மாசம். ரெண்டு பேருக்கும் சோலி போயிரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் டைல் வந்தால் தேக்குத் தரை போனது போனதுதான். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வெளியே போய், குத்தவைத்து முதல் துளையை உடைத்தேன். சாக்கு கறுத்து, சொட்டச் சொட்ட வந்தது.

சத்தம் கேட்டு மேடம் ஓடி வந்தார். "சேச்சீ, எந்தா இது? ஆரு அடச்சது?"

"நான்தான் மேடம். பதினாறும்."

"அடைக்கச் சொன்னது நாந்தான் மேடம்" என்றார் பின்னால் வந்த முருகேசன், தலையைச் சொறிந்துகொண்டு.

மேடம் அடுத்த துளையின் பூச்சை நகத்தால் சுரண்டினார். "இந்தக் கோடு வரச்சதும் சேச்சியோ? ரெண்டு வட்டம் சுத்திப் பாத்தேன், துளை இருக்கறதே எனிக்கு மனசிலாயில்லா!"

"கைவேலைக்கு ஒரு கொறவும் இல்ல" என்று முணுமுணுத்தார் முருகேசன்.

டைலுக்கு எழுதவில்லை. துளைகளைத் திறந்து, பாம்பு வராமல் கம்பி வலை அடித்தோம். கோடை முடிவதற்குள் அடிப்பக்கம் காய்ந்தது. அழுகின பலகைகளை மட்டும் மாற்றினார்கள். எங்கள் வேலையும் போகவில்லை.

பழைய கட்டடத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதற்கு வைத்தது என்று தெரியாத துளையை அடைக்காதீர்கள். அடைத்துவிட்டால், நான்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போதும் வெளியே கூட்டும்போது ஒவ்வொரு துளை முன்னாலும் விளக்குமாற்றை நிறுத்துவேன். காற்று இழுத்து தூசி தானாக உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு நகர்வேன்.