பையோடு நட்ட மரங்கள்

கண்ணுகளா, உங்கள் அறை ஜன்னலை நான் ஏன் ஆணி அடித்து மூடினேன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கொசு வருகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். கொசு இல்லை. உள்ளதை எழுதிவைக்கிறேன். தமிழ் வாசிக்கத் திணறினால் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள்.

நம் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருந்ததே, ராமச்சந்திராபுரத்துக் கம்பெனி பஸ்கள் வந்து திரும்புமே, அங்கே அபார்ட்மெண்ட் கட்ட ஆரம்பித்தபோது நான் சந்தோஷம்தான் பட்டேன். நர்சரியில் வேலை பார்க்கிறவன் இல்லையா, ஒரு சட்டம் எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கட்டடம் என்றால் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பட்டை நிலத்தை விட்டு அதில் மரம் நட வேண்டும். கார் நிறுத்தக் கூடாது, மெஷின் எதுவும் வைக்கக் கூடாது. அதிகாரி வந்து மரத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் குடிவர அனுமதி கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே மரம் வந்தால் சின்னவளுக்கு மூச்சு இழுப்பு குறையும் என்று உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

மரம் வைக்கிற வேலை எங்கள் நர்சரிக்கே வந்தது.

எங்கள் முதலாளி செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவரும். இந்த மாதிரி வேலைக்கு அவரிடம் ஒரு முறை உண்டு. கன்றைக் கறுப்புப் பையிலிருந்து எடுக்க மாட்டோம். பையோடு குழியில் இறக்கி, விளிம்பு தெரியாமல் மண்ணைத் தள்ளி, மேலே புல்பாயை விரித்துவிடுவோம். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் பையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றி அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோவோம். ஒரே புங்கை எத்தனை கிரகப்பிரவேசம் பார்த்திருக்கும் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அது அடுத்தவன் வீட்டு ஓரம் என்கிறவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

உங்கள் ஜன்னலுக்கு நேராகக் குழி வெட்டும்போது கடப்பாரை ஒரு குழாயில் இடித்தது. உள்ளே தடித்த கேபிள். கட்டடத்து எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். ஜெனரேட்டருக்கு என்றான். செடியெல்லாம் போனதும் இங்கேதான் வந்து உட்காருமாம். நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உங்கள் கட்டில் தெரிந்தது.

முதலாளியிடம் ஓடினேன்.

"அண்ணே, அந்த ஒரு பக்கம் மட்டும் பையைக் கிழிச்சு நட்டுடலாமா? அது என் வீட்டு ஜன்னல். சின்னவளுக்கு இழுப்பு இருக்கு."

"கைக்குடா, ஏண்டா உனக்கு இந்த வேலை? பில்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அங்க ஜெனரேட்டர் வைக்கக் கூடாதே அண்ணே. சட்டம் இருக்கே."

"ஹவ், ஆமா, இருக்கு. போய்ச் சொல்லு. அதிகாரி டேப்பை எடுத்துட்டு வருவாரு. முதல்ல எதை அளப்பாரு? உன் வீட்டை. பசங்க ரூமை எங்க கட்டியிருக்கே? சட்டப்படி காலியா விட வேண்டிய இடத்துலதானே? சுவத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல ஒரு பூனை போகுமா?"

"பூனை போகும் அண்ணே."

"பூனை போகுமாம்! அதையே அவர்கிட்டயும் சொல்லு. நக்கோ தம்பி, வேணாம். வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு இடம் போதாமல், விட வேண்டிய இடத்தில்தான் அந்த அறையைக் கட்டினோம். அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்ற வந்தால், உங்கள் அறையை இடித்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வித்துட்டு வேற எங்கயாவது போயிடலாங்க."

"ஜெனரேட்டர் பக்கத்துல, பிளான் இல்லாத வீட்டை யாரு வாங்குவா?"

"அப்ப வேலையை விடுங்க."

"விட்டா ஜெனரேட்டர் போயிடுமா?"

அவள் ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி சொன்ன நாளில் வரவில்லை, வாரக்கணக்கில் தள்ளிப்போனது. இடையில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒருவழியாக அவர் வந்தபோது நீங்கள் ஜன்னலில் நின்றீர்கள். சின்னவள் கத்தினாள்: "நானா, மன செட்லா?"

அப்பா, நம்ம மரமா என்று கேட்டாய் கண்ணு. அதிகாரி திரும்பினார்.

"இதி எவரி இல்லு?"

"நாதே சார்," என்றேன்.

என் வீடுதான் என்றதும் முதுகில் தட்டினார். ஜன்னலைத் திறந்தால் பார்க், அதிர்ஷ்டக்காரன் நீ என்று தெலுங்கில் சொன்னார். என் கால் புல்பாயின் ஓரத்தில் இருந்தது. கட்டைவிரலால் ஒதுக்கினால் கறுப்புப் பை தெரிந்துவிடும். அதற்குள் அவர் கண் நம் சுவரின் மேல் போனது. நான் நகர்ந்துபோய்ச் சுவரை மறைத்து நின்றேன். என்னையும் சேர்த்தே போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பிடுங்கினோம். எல்லாம் சுலபமாக வந்தன, உங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்த புங்கையைத் தவிர. மழையில் அதன் வேர் பையைப் பொத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தோண்டி எடுத்தேன். பை கந்தலாகிவிட்டது.

"இனிமே இது எதுக்கும் உதவாது. தூக்கிப் போடு," என்றார் முதலாளி.

ஜெனரேட்டர் வந்தது. முதல்முறை ஓடியபோது புகை நேராக உங்கள் கட்டிலுக்கு வந்தது. சின்னவள் எழுந்து உட்கார்ந்து இருமினாள். அன்றைக்குத்தான் ஆணி அடித்தேன். இப்போது காற்றும் இல்லை, தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு தார்நாகாவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். தூக்கிப் போடச் சொன்ன கன்றை நான் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு பூனை போகிற அந்தச் சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்தேன். அங்கே மதியத்தில் மட்டும் வெயில் ஒரு கோடாக விழும். கோடு விழுந்த இடத்தில் சிமெண்டைக் கொத்தினேன். பையை அறுத்து, வேருக்குள் மாட்டியிருந்த பிளாஸ்டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, கன்றை மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே திரும்ப இடமில்லை. சுவரைத் தடவிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன்.