ஐந்தை விட ஏழு பெரிதுதானே?

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த வாரம் அது. மலேசியாவில், ஈப்போவின் குனோங் ராபாட்டில் குடியிருக்கிறோம். என் இரண்டு வயது மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும். அவளை எங்கும் விட்டுப் போக மனமில்லாமல் தவித்தபோது, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. மடிக்கணினி என்னுடையதாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை அவர்களுடைய மென்பொருள் அதில் ஓட வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு.

பழைய கணினிகள் விற்கும் கடைக்குப் போய், திங்கட்கிழமை வேலையைப் பற்றிச் சொன்னேன். கடைக்காரப் பெண்ணுக்கு என்னை விடச் சற்று வயது குறைவாக இருக்கும். ஐ-ஃபைவ் புராசசர் உள்ள மடிக்கணினி ஒன்றை எடுத்து வைத்து, தலைமுறை, சிப்செட் என்று ஏதேதோ சொன்னார். ஒன்றும் புரியவில்லை. படித்தவள் ஆயிற்றே, தலையை ஆட்டிவைத்தேன். பக்கத்திலேயே, அதே விலையில், ஒரு ஐ-செவன் இருந்தது. விற்காத சரக்கை என் தலையில் கட்டுகிறாரோ என்று சந்தேகம். ஐ-செவனையே கேட்டேன்.

"அது பழசு லா, அக்கா. யோசிச்சுக்குங்க."

யோசித்ததாகத்தான் நினைத்தேன்.

ஞாயிறு காலை மென்பொருள் ஏறவில்லை. இந்த புராசசரில் இயங்காது என்று திரையில் வந்தது. நான்கு முறை அணைத்துப் போட்டேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"புராசசர மட்டும் கழட்டிட்டு புதுசு போட்டுக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "அது போர்டுலயே பத்த வச்சது, அக்கா. மாத்துனாலும் அந்த சிப்செட்டு புதுச ஏத்துக்காது. செகண்ட் ஹேண்ட் காடி வாங்கறப்ப சிசி மட்டுமா பாப்பீங்க? நம்பர் பிளேட்டப் பாத்து எந்த வருசத்துக் காடினு கண்டுபிடிப்பீங்கதானே? இங்க செவனுக்குப் பின்னால வர்ற நம்பர்தான் பிளேட்டு."

பிறகு மேசைக்கு அடியிலிருந்து அந்த ஐ-ஃபைவை எடுத்தார். "திங்கக்கெழம வேலனு சொன்னீங்களே. அதான் யாருக்கும் குடுக்கல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் ஐ-செவனை வாங்கிக்கொண்டு, அவரே ஐ-ஃபைவில் மென்பொருளை ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் என்னை அனுப்பினார்.

சிப்செட் என்ன செய்கிறது என்று கேட்டால் இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் மகளின் மருந்தைப் பற்றி டாக்டர் வேகமாகச் சொல்லும்போது, என் தலை தானாக ஆடத் தொடங்கினால், நான் சந்தேகப்பட்ட அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார். புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டுவிடுகிறேன்.