தூங்குமூஞ்சி திருஷ்டி பொம்ம

நான் திருஷ்டி பொம்ம வரையற ஆளு. புது வூடு கட்டுனா முன்னால மாட்டுவாங்களே, பல்லு நீட்டிகினு நாக்கு தொங்கவுட்டுகினு ஒரு மூஞ்சி, அதான். சிங்கப்பெருமாள் கோயில்ல ரோட்டோரமா கடை. சிறுசேரில வேல செய்யறவங்கல்லாம் இந்தப் பக்கம் மனை வாங்கி கட்டிகினே கீறாங்க, யாவாரத்துக்குக் கொறச்சல் இல்ல. ஆனா ஒரே மூஞ்சி. முப்பது வருசமா அதே முட்டக்கண்ணு, அதே நாக்கு. கை அலுத்துப்போச்சி.

எனக்கு இன்னா தோணும்னா, பொறாமக்காரன் சாமிக்கே பயப்பட மாட்டான், பலகைல வரஞ்ச பல்லுக்கா பயப்படுவான்? ஒரு தடவ மதுராந்தகத்துல கல்யாணம். சாம்பார்ல உப்பு ஜாஸ்தி, அத வுடு. பந்தி முடிஞ்சி ஒருத்தரு பிளாஸ்டிக் சேர்ல சாஞ்சிகினு, வாயில வெத்தலயோட, பாதிக் கண்ண மூடிகினு கீறாரு. அவரப் பாத்துகினே இருந்தேன், எனக்குக் கொட்டாவி வந்துட்ச்சி. இதான்யா மூஞ்சி! கண்ணு போட வந்தவனும் இதப் பாத்தா தூக்கம் சொக்கி வூட்டுக்குப் பூடுவான்.

வரஞ்சேன், ரெண்டு நாளு. பல்லு இல்ல, நாக்கு இல்ல, மீசகூட இல்ல. என் சம்சாரம் பாத்துட்டு, "இன்னாயா, பொம்மைக்கு ஒடம்பு சரியில்லியா?"ன்னா. கடையில மாட்டுனேன். ஒருத்தன் தொடல.

அப்பதான் மதுராந்தகத்துல புது வூடு கட்ன தம்பி ஒருத்தரு போன்ல பொம்ம கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லாம அதையே சாக்குல சுத்தி அனுப்பிட்டேன். மாட்டிட்டுப் போன் பண்றாரு: "பெருசு, இன்னா வேல செஞ்சிகீற நீ? ஒடனே வா!"

எப்டியும் நாக்குதான் கேப்பாருன்னு செவப்பு பெயிண்டும் பிரஷும் எடுத்துகினு போனேன்.

"நல்லாப் பாரு, எங்க மச்சான் மாதிரியே கீது! எந்தாளு கண்ணு படக்கூடாதுன்னு பொம்ம வெக்கறனோ, அந்தாளு மூஞ்சியவே வெச்சிகீறியே! நாளைக்கு கிரகப்பிரவேசம். அவரு பாத்தா, என் சம்சாரம் பொம்மைக்கு பதிலா என்னிய மாட்டிடுவா. நாக்கு ஒண்ணு தொங்கவுட்டுடு."

"நைனா, இந்த ஒண்ண வுட்டுடு. இத்தினி வருசத்துல எனக்குப் புட்ச்ச மாதிரி நான் வரஞ்சது இது ஒண்ணுதான்."

"அதுக்கு என் வூடா கெடச்சிது?"

இன்னா பண்றது, ஏணியில ஏறுனேன். பிரஷ்ஷத் தோச்சிட்டேன், கைதான் போவ மாட்டேங்குது. அந்த நேரம் கீழ ஒரு ஆட்டோ வந்து நின்னுது. எறங்கனவரு யாருன்ற? அந்த பிளாஸ்டிக் சேர் ஆளு! அவருதான் மச்சானாம். ஒரு நாளு முன்னாடியே வந்துட்டாரு.

அண்ணாந்து பாத்தாரு. "மாப்ள, இது நானா?"

தம்பிக்கு வேர்த்து ஊத்துது. "ஆ... ஆமா மச்சான். நம்ம வூட்டுக்கு நீங்கதான காவலு."

மச்சானுக்குக் கண்ணு கலங்கிட்ச்சி. "எனக்கு எவனும் இப்டி மரியாத பண்ணதில்ல மாப்ள."

பொழச்சிகிச்சி மூஞ்சின்னு நான் ஏணி மேலயே கும்புட்டுகினேன். அதுக்குள்ள மச்சான் என்னப் பாத்து, "பெருசு, மீச ஒண்ணு நல்லா முறுக்கி வெச்சிடு. கண்ணு இன்னா செத்த மீனு மாதிரி? முழிச்சாப்ல வெய்யி. பல்லு ரெண்டு நீட்னாகூட தப்பில்ல, ஆம்பள மூஞ்சியா இருக்கட்டும்!"ன்றாரு.

அடப்பாவி, உம் மூஞ்சி உனுக்கே புடிக்கலியா!

"அண்ணாத்த, செவப்புதான் கீது. கருப்பு எடுத்தாரல."

"அப்ப காலைல வந்து போடு."

சரின்னு எறங்குனேன். மறுநாளு போவல. காலைலர்ந்து போன் அடிச்சிகினே கீது. சம்சாரம், "எடுக்கறதுதான?"ன்னா. "நான் தூங்கறேன்னு சொல்லு"ன்னுட்டேன்.

போன மாசம் பஸ்ல அந்தப் பக்கம் போனேன். மூஞ்சி அங்கதான் கீது. யாரோ ஸ்கெட்ச்சால மீச வரஞ்சி வெச்சிகீறான், ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. கண்ண மட்டும் எவனும் தொடல. போவட்டும். மீச வெச்சவன் தூங்கக்கூடாதா இன்னா?