சிவப்பு விளக்கில் நின்றவர்

காவல் சாவடிக்கு எதிரே சாப்பாட்டுப் பெட்டி விற்கும் ஃபுமியே, சரணடைய வருகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். வழி கேட்க வந்தவன் நேரே சாவடிக்குள் போவான். குற்றத்தைச் சொல்ல வந்தவனோ முதலில் அவள் கடையில் வயிறாரச் சாப்பிடுவான். காலடியில் மாற்றுத்துணிப் பை இருக்கும். என்ன செய்தான் என்று தெரியாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும்.

அன்று மதியம் சாவடிப் போலீஸ்காரர் குசாகா சாப்பாட்டுப் பெட்டி வாங்க வந்தார். முந்தின நாள் சைக்கிளில் போன பெரியவரை ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது.

"இடிச்சவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லக்கா. கேமராவுல நம்பர் சிக்கியிருக்கு. இப்போ பெரிய ஸ்டேஷன்லேர்ந்து போன்ல பேர் வந்துரும். அதுக்குள்ள அவனா வந்து சொன்னா அது ஜிஷு, தானா சரணடைஞ்ச கணக்கு, தண்டனை குறையலாம். பேர் தெரிஞ்சப்புறம் வந்தா என்ன பிரயோஜனம்?"

அவர் போனதும் ஃபுமியே சமையல்கட்டுக்குத் திரும்பினாள். கணவர் தெய்ஜி சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலடியில் பை. வாசலில் அவருடைய மீன் வேன்.

ஊர்க்கதையெல்லாம் கேட்கிற வாய் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"சோறு அப்புறம். எழுந்திருங்க."

சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு. ஒரு வண்டிகூட இல்லை. பழக்க தோஷம், தெய்ஜி நின்றுவிட்டார். எதிரே சாவடியில் போன் அடிக்கத் தொடங்கியது.

"ஆளை இடிச்சப்ப நிக்காத மனுஷன், வெறும் ரோட்டுலயா நிக்கிறீங்க! நடங்க!"

அறுபது வயதில் முதல் தடவையாகச் சிவப்பில் சாலையைக் கடந்தார் தெய்ஜி. குசாகாவின் கை ரிசீவர்மேல் இருந்தது.

"நான்தாங்க இடிச்சேன்" என்றார் தெய்ஜி, மூச்சு வாங்க.

குசாகா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு போனை எடுத்தார். "பேர் இருக்கட்டும். ஆளே என் முன்னாடி நிக்கிறாரு. ஆமா, அவராத்தான் வந்தாரு."

ஃபுமியேவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. தெய்ஜிக்கோ குசாகா சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அந்தப் பெரியவர் பொழைச்சுக்குவாரா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் துருவித் துருவி விசாரித்தவள் ஃபுமியே. இதை மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.