அவர் எந்தச் செடி?

ஹோமியோபதி வகுப்பில் சேர்ந்த புதிதில், பார்க்கிறவர்கள் எல்லாரும் எனக்குச் செடிகளாகவே தெரிந்தார்கள். எங்கள் ஆசிரியை செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துத்தான் பாடம் நடத்துவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடிப்படையாக ஓர் உணர்வு உண்டாம். நோயாளியின் பேச்சில் அதைப் பிடித்துவிட்டால் பாதி மருந்து கிடைத்த மாதிரி. தொட்டாலே வலிக்கும் என்று ஒதுங்குகிறவர் சூரியகாந்திக் குடும்பம். எதற்கெடுத்தாலும் பதறுகிறவர் கத்தரிக் குடும்பம். என் நாத்தனாரை ஒரே நிமிடத்தில் சூரியகாந்தியில் போட்டேன். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் தேர்ச்சி பெற யாரையாவது உட்காரவைத்து முழுக் கேஸ் கேட்டு எழுத வேண்டும். அவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. இருந்தாலும் என் கணவரைப் பிடித்து உட்காரவைத்தேன். எங்கள் ஊரான கூலாயிலிருந்து தினமும் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மகள் வடக்கே பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"கால்தான். படுத்தா அடங்க மாட்டேங்குது. எந்திரிச்சு நடந்தா கொஞ்சம் தேவலை."

ஆகா, சிக்கிவிட்டார் என்று நினைத்தேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்ட இறுக்கம், அசைந்தால் நிம்மதி. மாமரமும் முந்திரியும் இருக்கிற குடும்பம். ரஸ் டாக்ஸ் மருந்தும் அதில்தான் வருகிறது. ஒப்புக்குத்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"அப்புறம்?"

"ஓடிக்கிட்டே இருந்தா ஒன்னுமில்ல. பாலத்துல ஜாம்ல நின்னாகூட பரவால்ல லா. வீட்டுக்கிட்ட வந்தாத்தான் நெஞ்சு இறுகுது."

"அப்புறம்?"

"நம்ம தாமான் தெருவுக்குள்ள வந்துட்டு நேரா வீட்டுக்கு வர்றதில்ல. வாசலத் தாண்டிப் போயி, திடலச் சுத்தி ஒரு ரவுண்டு. சில நாள் ரெண்டு."

குழம்பைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு நான் காத்திருக்க, இவர் ஊர்வலம் போயிருக்கிறார்! ஆத்திரம் தொண்டைவரைக்கும் வந்தது. அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் வீடு ரெண்டுபட்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் "அப்புறம்?" என்றேன்.

"புள்ள இருந்தப்ப அவ பேசிக்கிட்டே இருப்பா. இப்ப உள்ள வந்தா உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல. யோசிச்சுக்கிட்டே சுத்துவேன். ஒன்னும் தோணாது. பெட்ரோல்தான் போவும்." சிரிக்கப் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், ஒருநாள் சுற்றிவிட்டுத் திரும்பாமலே போய்விடுவாரோ என்று பயம்.

"சரி, நான் என்ன செடி?" என்று அவரே கேட்டார்.

"மாங்கா குடும்பம்."

"என்னைப் பாத்தா மாங்கா மடையன் மாதிரியா இருக்கு?" என்று எழுந்துபோய் வாசலில் நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கே கேஸை எழுதி அனுப்பினேன். திடலைச் சுற்றியதை மட்டும் எழுதவில்லை. குடும்பத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறேன் என்று ஆசிரியை மறுநாளே பாராட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை. இந்தக் கணக்கில் என்னையும் மாமரத்தோடுதான் சேர்க்க வேண்டும்.

சாயங்காலம் மகளின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். அவர் வந்தார். பழக்கத்தில் எங்கள் வாசலைத் தாண்டியே போய்விட்டார். அப்புறம்தான் என்னைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், பிரேக் போட்டார். நான் நடந்துபோய்ப் பின்னால் ஏறினேன்.

"எங்க போவணும்?"

"தெனம் போற எடத்துக்குத்தான். போங்க."

திடலை ஒருமுறை சுற்றினோம். எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னொரு ரவுண்டு," என்றேன்.