காருக்கு அடியில் ஒரு பௌர்ணமி

போன பௌர்ணமியன்று ரங்கூன் நகரமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தடின்ஜுட் பண்டிகை அல்லவா? பகோடாவில் விளக்கு, மாடிகளில் விளக்கு, மரக்கிளைகளில் காகித விளக்கு. நானும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன் — ஒரு மோட்டார் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டி, கோ தெய்ன் என்கிற என் நண்பர் ஒரு மோட்டார் ஷெட் வைத்திருக்கிறார். அவருடைய அக்கா மா மியா, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அக்காவுக்குச் சிநேகிதியாகப் போனவள், தம்பிக்கும் சிநேகிதியாகிவிட்டேன். தமிழர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவர்கள் இருவரும். பாதித் தமிழ், பாதி பர்மீஸ் என்று எங்கள் பேச்சு ஓடும்.

என்னை அவர்கள் 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சரம்மா என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து ஒரு விரற்கடை உயரும். உயராதா பின்னே? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் அப்பா, யாராவது தெருவில் என்னை 'சயாமா' என்று கூப்பிட்டால் எனக்கு முன்னால் திரும்பிப் பார்ப்பார்.

சரி, காருக்கு வருவோம்.

கோ தெய்ன் இதுவரை லாரியும் பஸ்ஸும்தான் ரிப்பேர் பார்த்தவர். அன்று ஷெட்டில் நின்றது வேறு ஜாதி. சிவப்பு ரேஸ் கார். இரண்டே இரண்டு ஸீட். கதவு கிடையாது, ஏறிக் குதித்துத்தான் உட்கார வேண்டும். நீளமான மூக்கு, அதை இறுக்கிக் கட்டிய தோல் பெல்ட். நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போலிருந்தது. நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்கே தெரியும்!

சொந்தக்காரர் ஒரு சீன அரிசி மில் முதலாளியின் மகன். இப்படிப்பட்ட வண்டியை ஷெட்டுக்காரனிடம் விடுவார்களா என்று அவருடைய சிநேகிதர்கள் கேலி செய்தார்களாம். "விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவேன். ஓடினால் சரி. ஓடாவிட்டால் நாளைக்கே பெரிய வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இது கையை விட்டுப் போச்சுன்னா, சயாமா, அப்புறம் என் ஆயுசுக்கும் லாரிதான்" என்றார் கோ தெய்ன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோளாறு க்ளட்சில். எஞ்சினின் பின்னால் ஒரு கனத்த இரும்புச் சக்கரம். அதன் குழிக்குள் தோல் போர்த்திய கூம்பு ஒன்று, ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்த மாதிரி. பெடலை மிதித்தால் குழவி குழியை விட்டு வெளியே வர வேண்டும். வரவில்லை. அதனால் கியர் போட்டால் வண்டி நறநறவென்று பல்லைக் கடித்தது. அடியிலே ஒரு நட்டு. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்து அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஷெட்டில் வேலை பார்ப்பவரோ பண்டிகைக்குச் சொந்த ஊரான த்வாண்டேக்குப் போய்விட்டார்.

"நான் இருக்கேனே!" என்று சொல்லிவிட்டு ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கோ தெய்ன் குனிந்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"மாங் தெய்ன்! வெளியே வா!"

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த மா மியா போட்ட சத்தத்தில், கோ தெய்ன் தலையை வண்டியில் இடித்துக்கொண்டார். ஊருக்கு அவர் 'கோ' என்றாலும், அக்காவுக்கு இன்னும் சின்னப் பையன், 'மாங்'தான்.

பர்மிய ஆண்களுக்குப் 'போன்' என்று ஒன்று உண்டு. ஆண்பிள்ளையின் மகிமை. வலது தோளில் குடியிருக்கிறதாம். பெண்ணின் துணி தலைக்கு மேல் வந்தால் போதும், போன் போய்விடும். கொடியில் காயும் பெண்களின் லுங்கிக்குக் கீழே எந்த பர்மிய ஆணும் நடக்க மாட்டார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கார் என்றதும் மறந்துவிட்டது.

விட்டுக்கொடுக்க மனசில்லை. "மாடியில் பெண்கள் நடக்கவில்லையா, மா மியா? கீழ்வீட்டில் ஆண்கள் இல்லையா?" என்று வாதாடினேன்.

"மாடிக்குத் தளம் இருக்கு, சயாமா. இங்கே எங்கே இருக்கு? கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!"

பார்த்தேன். கால் வைக்கும் பலகைகளைக் கழற்றி வைத்திருந்தார் கோ தெய்ன். என் புடவைக்குக் கீழே நேராகத் தரை தெரிந்தது. இறங்கிய வேகத்தில் கொசுவம் அவிழாதது கடவுள் புண்ணியம்.

ஆண் துணை தேடினோம். தெருவே பகோடாவுக்குப் போயிருந்தது. எதிர் டீக்கடை காசிம் பாய் மட்டும் வந்தார். பெடலை ஒருமுறை மிதித்தார். ரேஸ் கார் ஸ்பிரிங் — கல் மாதிரி இறுக்கம். "மகளே, இது என் முழங்காலுக்குத் தாங்காது" என்று கடைக்கே திரும்பிவிட்டார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கோ தெய்ன் என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"சயாமா... ஆண் மேலே, பெண் கீழே இருந்தா தப்பில்லையே?"

நானா? மண்ணெண்ணெயும் கிரீஸும் மண்டிய தரையிலா? ஆங்கில இலக்கணம் நடத்துகிற நானா? கோபம் வந்தது. அதற்குள் மா மியா தன் பழைய லுங்கியையும் முழுக்கை ஜாக்கெட்டையும் என் கையில் வைத்துவிட்டார். என் பின்னலைச் சுருட்டித் தலையோடு துணி வைத்துக் கட்டினார். "நல்லா இறுக்கியிருக்கேன். முடி போனாலும் பரவாயில்லை, தலை முக்கியம்" என்றார். ஆறுதல் சொல்லும் அழகைப் பாருங்கள்!

பின்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, மரக்கட்டைகள் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வண்டியின் பின்னாலிருந்து தலையை நுழைத்து ஊர்ந்து போனேன்.

"நட்டு தெரியுதா? வலது பக்கம் திருப்புங்க!"

திருப்பினேன். அவர் மிதித்தார். குழவி அசையவேயில்லை, முன்னைவிட மோசம். மறுபடி வலது. இன்னும் மோசம். மேலே இருந்து பர்மிய மொழியில் ஏதோ வந்தது. அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. படுத்துக்கொண்டு யோசித்த பிறகுதான் புரிந்தது. மல்லாந்து கிடக்கும் எனக்கு வலது, முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கும் அவருக்கு இடது.

"வலது இடது எதுக்கு?" என்று மா மியாதான் குரல் கொடுத்தார். "பகோடா பக்கமா, ஆத்துப் பக்கமா, அதைச் சொல்லித் தொலையேன்!"

ரங்கூனில் வழி கேட்டால் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? நின்றாலும் படுத்தாலும் பகோடா இடம் மாறுவதில்லையே!

"பகோடா பக்கம், சயாமா. இன்னும் கொஞ்சம். போதும் போதும், ஆத்துப் பக்கம் ஒரு நூல்..."

குழவி மெல்ல நகர்ந்து வெளியே வந்தது.

"வந்துடுச்சு!" என்று நான் கத்தியதில், மா மியா தன் தம்பியைத் திட்டிக்கொண்டே புத்தரைக் கும்பிட்டார்.

"எஞ்சினைப் போட்டுப் பார்க்கணும். நீங்க வெளியே வாங்க" என்றார் கோ தெய்ன். வந்திருக்கலாம். வரவில்லை. "கீழேயிருந்து பார்த்தால்தானே சரியாகப் பிரிகிறதா என்று தெரியும்?" என்றேன். அது உண்மை. எனக்குப் பார்க்க ஆசை என்பதும் உண்மை. கையை மார்போடு கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஸீட்டுக்கு ஓடி, பெடலை மிதித்துக் கியர் போட்டார்.

எப்படிச் சொல்வேன்? முதுகுக்குக் கீழே பூமி நடுங்கியது. என் முகத்துக்கு மேலே அந்த இரும்புச் சக்கரம் சுழல ஆரம்பித்து, பிறகு சுழல்வதே தெரியாத அளவுக்குச் சுழன்று, பளபளவென்று அசையாமல் நிற்பது போல் நின்றது. அதன் குழிக்குள் குழவி — அசையவில்லை. நிஜமாகவே அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி. அந்தப் பக்கம் புயல், இந்தப் பக்கம் அமைதி. கோ தெய்ன் பெடலை மெல்ல விட்டார். இடைவெளி மூடியது. சத்தமில்லாமல், சண்டையில்லாமல் குழவி சுற்ற ஆரம்பித்தது. அதிலிருந்து நீண்ட தண்டு என் உடம்புக்கு மேலாகவே சுற்றிக்கொண்டு போய், பின்சக்கரங்களுக்கு உயிர் கொடுத்தது.

தினமும் தெருவில் போகிற வண்டிகளுக்குள் இதுவா நடக்கிறது? இவ்வளவு நாள் பளபளப்பான மூக்கைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேனே!

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சின்ன முதலாளி வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். சத்தம் தேய்ந்து, தேய்ந்து, காணாமல் போனது. மா மியா ஊதி அணைத்த தீக்குச்சியையே மறுபடி விளக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தூரத்தில் மறுபடி அந்த உறுமல். ஒவ்வொரு கியராக மாறி வந்தது. ஒரு பல்கடி இல்லை.

"அண்ணன் வண்டியையும் அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்றார் சின்ன முதலாளி. கோ தெய்ன் தலையை ஆட்டினார். "நட்டை யார் திருப்பியது?" என்று கேட்டதற்கும், கையை மட்டும் என் பக்கம் காட்டினார்.

சின்ன முதலாளி என் கிரீஸ் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "கீழே என்ன தெரிந்தது?" என்றார்.

சொன்னேன். வகுப்பில் சொல்வது போல ஆரம்பித்து, பாதியில் கைகளால் சுழற்றிக் காட்டத் தொடங்கிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "என் வண்டி" என்றார் கடைசியில். "நான் பார்த்ததே இல்லை."

கோட்டைக் கழற்றி மா மியா கையில் கொடுத்தார். மறுபடி ஜாக்கி, மறுபடி மரக்கட்டை. வெள்ளைக் கால்சட்டையோடு சின்ன முதலாளி அடியில் ஊர்ந்து போனார். பலகைகளை மாட்டியிருந்ததால் நானே ஸீட்டில் ஏறி, இரண்டு காலாலும் பெடலை மிதித்தேன். மா மியா தம்பியின் காதில், "சீனருக்குப் போன் உண்டாடா, இல்லையா?" என்று கவலையோடு கேட்டார். "கேட்காதே அக்கா, கஸ்டமர்" என்றார் கோ தெய்ன்.

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, கீழேயிருந்து ஒரு வளர்ந்த மனிதர் குழந்தை மாதிரிக் கத்துவது கேட்டது.

மேலே, மெத்தென்ற தோல் ஸீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த எனக்கு — ஒரே பொறாமை.