குவார்ட்டர் டு த்ரீ

போன வாரம் ஒரு மத்தியானம். பக்கத்து வீட்டு ஜெரினா கையில் லேப்டாப்புடன் வந்து நின்றாள். கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்.

“அக்கா, எங்க வீட்ல நெட்டு விட்டு விட்டு வருது. மூணே காலுக்கு இன்டர்வியூ. இங்கன உக்காந்துக்கிறவா?”

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலை. இரண்டு முறை தோற்று, கடன் வாங்கி மறுபடி எழுதி, ஆங்கிலத் தேர்வில் பாஸ் செய்தவள். உட்காரச் சொன்னேன். சத்தம் கேட்கக்கூடாதென்று ஃபேனைக்கூட நிறுத்திவிட்டோம்.

மூன்றே கால். திரையில் யாரும் வரவில்லை. மூன்றரை... நான்கு... நான்கே கால்... நான் டீ போடப் போன நேரத்தில் அவளே ஒரு மெயிலும் தட்டிவிட்டாள்.

“நேத்து இங்கிலாந்துலருந்து போன் பண்ணுன அம்மா என்னதான் சொன்னாக?” என்று கேட்டேன்.

“குவார்ட்டர் டு த்ரீ, யுவர் டைம்னு சொன்னாகக்கா. நல்லாக் கேட்டேன்.”

அது மூன்றே கால் இல்லையே... இரண்டே முக்கால்!

எப்படிச் சொல்ல? சொன்னேன். அவள் அழவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அனுப்பிய மெயிலைக் காட்டச் சொன்னேன். ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் ஒன் அவர்.’ ‘சின்ஸ்’ என்றால் காத்திருக்கத் தொடங்கிய மணியைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு ‘ஃபார்’. ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் அன் அவர்’... இனிமேல் திருத்தி என்ன?

காலும் அரையும் முக்காலும் நமக்குக் கூட்டல்தான். இரண்டோடு முக்காலைக் கூட்டினால் இரண்டே முக்கால். ஆங்கிலத்தில் இன்னும் வராத மூன்றிலிருந்து காலைக் கழிக்க வேண்டும். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிக்கிறோம். ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றி மாற்றி விரல் தேய்கிறது. மணி சொல்ல யார் கற்றுக்கொடுத்தார்கள்?

மறுநாள் பதில் வந்தது. ‘எங்கள் முதியவர்களுக்கு நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும். நேரம் சொன்னால் புரிந்துகொள்பவர்தான் எங்களுக்குத் தேவை.’

கோபப்படக்கூட வழியில்லை. அவர்கள் சொன்னதில் என்ன தப்பு?

சாயந்திரம் ஜெரினாவின் அத்தா வாசலில் நின்றார். திராட்சை வியாபாரி. பார்ப்பவர்களிடமெல்லாம் மகளின் பாஸ்போர்ட்டைக் காட்டி மகிழ்ந்தவர்.

“அரை மணி நேரந்தானம்மா... அவுக கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?”

ஆள் சேரும்வரை நிற்க, அது என்ன குமுளி போகிற ஜீப்பா பாய்?